கேட்டில் நின்ற செயலாளர்

ரெஜினா டீச்சருக்கு நாற்பத்தொரு வயது. அவரிடம் பாடம் கேட்கப் போன கோமதிநாயகத்துக்கு ஐம்பத்து நான்கு.

டீச்சர் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. நடுவில் நான்கு வருடம் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கை நடத்திய குழுவில் இருந்தார். அந்த லீக் தொடங்கிய வருடம் டீக்கடை டிவிகளில்கூட அதுதான் ஓடியது. நான்காம் வருடம் அதே டீக்கடைகளில் சேனலை மாற்றச் சொன்னார்கள். பார்ப்பவர்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தபோது டீச்சர் பள்ளிக்கே திரும்பிவிட்டார். லீக் மட்டும் எப்படியோ நடந்துகொண்டிருந்தது.

கோமதிநாயகம் கோவில்பட்டிக்காரர். ஹாக்கி மட்டையோடு வளர்ந்தவர். தெற்கே எட்டு ஊர்களைச் சேர்த்து இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஹாக்கி லீக் தொடங்கியபோது, அவரைத்தான் செயலாளராகப் போட்டார்கள். முதல் வருடம் அமர்க்களம். இரண்டாவது வருடம் மூன்றாவது வாரத்திலிருந்து டிவியில் பார்ப்பவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். லீக்கை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்த ஆட்டக்காரர்கள் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்றாவது வருடம் உண்டா இல்லையா என்று மாதக் கடைசியில் குழு கூடி முடிவு செய்யவேண்டும்.

அதனால்தான் அவர் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினார்.

டீச்சர் பள்ளி மைதானத்தில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். கோமதிநாயகம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, வந்த விஷயத்தை நேரடியாகவே கேட்டார்.

“டீச்சர், உங்க லீக்கை ஜனங்க பார்க்கிறதை ஏன் விட்டாங்க? அது தெரிஞ்சா எங்க ஹாக்கியைக் காப்பாத்திடலாம்.”

“சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?”

“ஆச்சு.”

“சாயங்காலம் இங்க உள்ளரங்கத்துல எங்க லீக் ஆட்டம் ஒண்ணு இருக்கு. போவோம்.”

போனார்கள். முன்வரிசையில் இடம் கிடைத்தது. டீச்சர் கோமதிநாயகத்தின் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து, ஆடுகளத்துக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டார்.

“இப்படி உட்காருங்க.”

“ஆட்டம் அந்தப் பக்கம்லா நடக்குது?”

“நடக்கட்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.”

நானூறு பேரின் முகங்களுக்கு எதிரே ஐம்பத்து நான்கு வயது மனிதர் ஒருவர் திரும்பி உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயமில்லை. முதல் பத்து நிமிடம் அவருக்குக் காது சுட்டது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் அவரைப் போட்டோகூட எடுத்தார். பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. அவரும் முகங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் டீச்சர் கேட்டார். “என்ன பார்த்தீங்க?”

“தூரத்திலேருந்து எறிஞ்சு மூணு புள்ளி எடுத்தாங்கன்னு மைக்குல அலறுறான். ஜனங்க முகத்துல ஒரு மாற்றமும் இல்ல. ஒரு தடவை, ரெண்டு தடவைன்னா கைதட்டுவாங்க. முப்பது தடவையும் அதேன்னா?”

“அப்புறம்?”

“நடுவர் ஆட்டத்தை நிறுத்திட்டு வீடியோ பார்க்கப் போறாருன்னு மைக்குல சொன்னான். அவ்வளவு பேரும் போனை எடுத்துட்டாங்க. ஆட்டம் மறுபடி ஆரம்பிச்சப்போ பாதிப்பேர் போனை உள்ள வைக்கவே இல்ல.”

“அப்புறம்?”



“ஒரே ஒரு தடவை அத்தனை பேரும் எழுந்து நின்னாங்க டீச்சர். எனக்குத் திரும்பிப் பார்க்காம இருக்கறதே பெரும்பாடாப் போச்சு. அப்ப என்ன நடந்தது?”

“ஒரு குள்ளமான ஆளு மூணு நெட்டையனுங்களுக்கு நடுவுல புகுந்து கூடைக்குக் கீழே போயிட்டான்.”

“பந்து விழுந்துச்சா?”

“இல்ல.”

டீச்சர் ஆட்டோவை நிறுத்தி அவரை பஸ் ஸ்டாண்டுக்கு ஏற்றி அனுப்பினார்.

ஊருக்கு வந்த கோமதிநாயகம் எட்டு நாள் உட்கார்ந்து பதினான்கு பக்கத்தில் ஒரு அறிக்கை எழுதினார். கூடைப்பந்தில் தூரத்திலிருந்து எறிவதுதான் லாபம் என்று யாரோ கணக்குப் போட்டுக் கொடுக்க, எல்லா அணிகளும் ஒன்றுபோல் ஆடத் தொடங்கிவிட்டன. ஹாக்கியிலும் அந்த நோய் வந்துவிட்டது. கோலை நோக்கி அடிக்காமல், வட்டத்துக்குள் எதிராளியின் காலில் பந்தைப் பட வைத்து பெனால்டி கார்னர் என்ற சலுகை அடியை வாங்குவதற்கே எல்லோரும் ஆடுகிறார்கள். ஆட்டங்களின் எண்ணிக்கை அதிகம். நிறுத்தங்கள் அதிகம். ஒரு ஆட்டம் டிவியில், அடுத்தது போனில், அதற்கடுத்தது வேறொரு ஆப்பில் என்று பார்க்கிறவனை அலைய விடுகிறோம். இப்படிப் போனது அறிக்கை.

அதை எடுத்துக்கொண்டு மறுபடி திண்டுக்கல் போனார். டீச்சர் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். கோமதிநாயகம் பரீட்சை எழுதியவரைப் போல எதிரே காத்திருந்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. இதுல ஒண்ணுகூடத் தப்பில்ல.”

கோமதிநாயகத்துக்கு மனசு நிறைந்துவிட்டது.

“உங்க அடுத்த ஆட்டம் எப்போ அண்ணாச்சி?”

“வியாழக்கிழமை. எங்க ஊர்லயே.”

“செண்பகராஜ் ஆடுறானா?”

செண்பகராஜ் கோவில்பட்டி அணியின் முன்னணி ஆட்டக்காரன். அவன் பந்தோடு ஓட ஆரம்பித்தால் ரயில்வே கேட்டில் நிற்கிற லாரிக்காரன்கூட இறங்கி வந்து வேலிவழியாகப் பார்ப்பான். கோமதிநாயகம் ஜன்னல்வழியாக மைதானத்தைப் பார்த்தார்.

“அடிபட்டிருக்கா?”

“இல்ல, நல்லாத்தான் இருக்கான். ஞாயித்துக்கிழமை ஆட்டத்தை டிவில பெரிசாக் காட்டுறாங்க. அதுக்காக வியாழக்கிழமை உட்கார வைக்கலாம்னு கோச்சும் நானும் பேசி வச்சிருக்கோம்.”

“போஸ்டர்ல?”

“போஸ்டர்ல அவன் படம்தான்.”

“இது இந்தப் பதினாலு பக்கத்துல இல்லையே.”

“இது ஒரு ஏற்பாடு டீச்சர். எல்லா இடத்துலயும் செய்யறதுதான். கூடைப்பந்துலகூட...”

“ஆமா. எங்ககிட்டேருந்துதான் எடுத்திருக்கீங்க.”

டீச்சர் அறிக்கையை மடித்து அவர் கையில் கொடுத்தார். “வியாழக்கிழமை நீங்களே மைதானத்து கேட்டுல நில்லுங்க. உள்ள வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், இன்னைக்குச் செண்பகராஜ் ஆடலைன்னு உங்க வாயால சொல்லுங்க. அது போதும்.”

“போர்டு எழுதி வச்சிடட்டுமா?”

“வேண்டாம். வாயால.”

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு கோமதிநாயகம் கேட்டில் போய் நின்றார். டிக்கெட் கிழிக்கிறவர், “நீங்க ஏன் சார் வெயில்ல?” என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஆட்டம் நடக்கும்லா? அது போதும்” என்று உள்ளே போய்விட்டார். கோமதிநாயகத்துக்குத் தெம்பு வந்தது. இது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்து கல்லூரிப் பையன்கள் ஏழெட்டுப் பேர். கேட்டதும் ஒருவன் மற்றவர்களைப் பார்த்தான். “அப்ப புரோட்டா சாப்பிடப் போவோம்டே” என்றான். அவர்கள் கோபப்படக்கூட இல்லை. கோபப்பட்டிருக்கலாம் என்று கோமதிநாயகத்துக்குத் தோன்றியது.

ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, அவனுக்கு என்ன செய்யுது? காய்ச்சலா?” என்று கவலையோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு எழுந்தது. “காய்ச்சல் இல்ல” என்று மட்டும் சொன்னார். வந்தவர் விடவில்லை. “பின்ன?” என்றார். “ஓய்வு குடுத்திருக்கோம்.” அந்த மனிதர் பிடித்திருந்த கையை மெதுவாக விட்டார்.

ஐந்தே முக்காலுக்கு இரண்டு பெண்கள் வேகமாக நடந்து வந்தார்கள். கழுகுமலைப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர்கள். நாத்தனாரும் மதினியுமாக இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் பையும் தண்ணீர் பாட்டிலும்.

“ஆரம்பிச்சிட்டாகளா?” என்றாள் மூத்தவள்.

“இன்னும் இல்லம்மா. ஒரு விஷயம். இன்னைக்குச் செண்பகராஜ் ஆடலை.”

அவள் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“ஏன்?”

“ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்காக வச்சிருக்கோம். நீங்களும் டிவில பார்க்கலாம்.”

“டிவில பாக்கிறவுகளுக்கு ஆடுவான். வீட்டை விட்டு வந்தவுகளுக்கு ஆடமாட்டானா?”

அவள் சத்தமாகப் பேசவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டவளைப் போலத்தான் கேட்டாள். கோமதிநாயகத்துக்கு வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

“டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுதேன்மா” என்றார் கடைசியில்.

“பணம் கெடக்கட்டும். அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கோம். அதைத் திருப்பித் தருவீகளா?”

இளையவள், “வா மதினி, இருட்டுறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிப்போம்” என்று இழுத்தாள். மூத்தவள் போகிற போக்கில் திரும்பி, “உங்களை நான் குத்தம் சொல்லலை. நீங்க கேட்டுல நிக்கிறவுக” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோமதிநாயகம் கேட்டை விட்டு ஓடினார். ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்குள் போய், “செண்பகராஜை இறக்குங்க” என்றார். கோச் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஆட்டக்காரர் பட்டியல் நடுவரிடம் போய்விட்டது. இனி மாற்ற முடியாது. மூலையில் சாதாரணச் சட்டையில் உட்கார்ந்திருந்த செண்பகராஜ் எழுந்து நின்றான்.

“நான் நல்லாத்தான் இருக்கேன் சார். என்கிட்ட யாரும் கேக்கலையே.”

கோமதிநாயகம் அவன் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தார்.

அன்று கோவில்பட்டி அணி இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. இரண்டும் பெனால்டி கார்னரில் வந்த கோல்கள். கோமதிநாயகம் மீண்டும் கேட்டுக்குப் போய் கடைசிவரை அங்கேயே நின்றார். ஜெயித்த ஆட்டத்தின் சத்தம் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் குழு கூடியது. அவர் பதினான்கு பக்கத்தையும் கொடுத்தார். ஆனால் அதிலிருந்து வாசிக்கவில்லை. கேட்டில் தன்னிடம் பேசியவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, அடிபடாத ஆட்டக்காரனைச் சொந்த ஊர் ஆட்டத்தில் உட்கார வைக்கக் கூடாது, யார் ஆடுகிறார்கள் என்பதை இரண்டு நாள் முன்பே அறிவிக்கவேண்டும், ஆட்டங்களைப் பாதியாகக் குறைக்கவேண்டும் என்று கேட்டார்.

“பாதியாக் குறைச்சா சேனல்காரன் ஒத்துக்கமாட்டான்” என்றார் தலைவர்.

“ஒத்துக்கமாட்டான்.”

“இதெல்லாம் செஞ்சா பார்க்கிறவங்க எண்ணிக்கை ஏறுமா?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா எதை நம்பி கை தூக்கச் சொல்றீங்க?”

கோமதிநாயகம் நின்றுகொண்டே இருந்தார். அவரிடம் எடுத்துக் காட்டப் புள்ளிவிவரம் இல்லை. சொல்லிப் பார்க்க ஒரு வாக்கியம்கூட இல்லை. கடைசியில் கைகளை எண்ணினார்கள். ஒரே ஒரு கை அதிகமாக இருந்தது. அவர் கேட்டதெல்லாம் நிறைவேறி, மூன்றாவது வருடமும் உண்டு என்றானது. ஆனால் வாரநாள் ஆட்டங்களைக் காட்ட முடியாது என்று சேனல் சொல்லிவிட்டது. இரண்டு ஊர் அணிகள் விலகிக்கொண்டன. அந்த அணிகளின் ஆட்டக்காரர்களில் சிலருக்கு வேறு அணிகளில் இடம் கிடைத்தது. சிலர் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். ஒருவனுக்குப் பழைய வேலையும் கிடைக்கவில்லை. கோமதிநாயகம் அவனுக்காக மூன்று மாதம் ஆட்களைப் பார்த்து அலைந்தார்.

மூன்றாவது வருட ஆட்டங்கள் தொடங்கிப் பாதி முடிந்ததும் ஒரு சனிக்கிழமை அவர் திண்டுக்கல் போனார். டீச்சர் மரத்தடியில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் ஒரு பந்தை எடுத்துப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“மைதானத்துக்கு வர்றவங்க கொஞ்சம் கூடியிருக்காங்க. டிவில இன்னும் ஏறலை. இந்த வருஷம் தாண்டுமான்னும் தெரியலை.”

டீச்சர் அடுத்த பந்தில் ஊசியைச் செருகினார்.

“எனக்கு அதைவிட வேற ஒண்ணுதான் உறுத்துது டீச்சர். முப்பது வருஷமா மேடையில, கமிட்டியில, பத்திரிகைக்காரங்ககிட்டன்னு பேசினவன் நான். ஒரு இடத்துலயும் தடுமாறினதில்ல. ஆனா அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் அம்மா கேட்டதுக்கு என்கிட்டப் பதில் இல்ல. செண்பகராஜ் கேட்டதுக்கு இல்ல. கமிட்டியில கேட்டதுக்கும் இல்ல. வாயடைச்சு நின்னேன். எனக்கு வயசாயிடுச்சோ என்னவோ.”

டீச்சர் பம்பை நிறுத்தினார்.

“நாலு வருஷத்துல எங்க லீக்கில ஒருத்தர்கூட அப்படி நிக்கலை அண்ணாச்சி. எல்லாக் கேள்விக்கும் எங்ககிட்டப் பதில் இருந்தது.”