சென்சார் நுனியில் வெள்ளை

ஒண்டிப்புதூரில் ஷம்ஷாத்தின் கார் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஆளை மாற்றித்தான் கும்பிடுவார்கள். நரைத்த மீசையோடு ஸ்பேனர் பிடித்து நிற்கும் நாச்சிமுத்துதான் முதலாளி என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் கூச்சத்தோடு கையை நீட்டிக் காட்டும் திசையில், முப்பத்து மூன்று வயதுப் பெண் ஷம்ஷாத் உட்கார்ந்திருப்பார். அங்கே குரு அவர்தான். ஐம்பதைத் தாண்டிய நாச்சிமுத்து சீடர்.

நாச்சிமுத்து மோட்டார் பம்பு கம்பெனியில் இருந்தவர். ஆட்குறைப்பில் வெளியே வந்தபின் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். "இந்த வயசுல என்னத்தைப் பழகப் போறீங்க" என்று எல்லோரும் சிரித்து அனுப்பினார்கள். ஷம்ஷாத் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல வாங்ணா. பழைய சட்டை போட்டுட்டு வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நாச்சிமுத்து தினமும் மனதுக்குள் அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வெளிப்படையாகக் கும்பிட்டால் ஷம்ஷாத்துக்குப் பிடிக்காது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கெட்டுப்போன பாகத்தைக் கழற்றியதும் துடைக்காமல், கழுவாமல், அப்படியே ஒரு வெள்ளைத் துணியில் வைக்க வேண்டும். அது ஏன் கெட்டது என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் புதுப் பாகம் வரும். வாடிக்கையாளர்கள் இதைப் போஸ்ட்மார்ட்டம் என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டு, அடுத்த முறையும் இங்கேதான் வருவார்கள்.

ஷம்ஷாத்துக்கு அப்போது நிறைமாதம். குனிய முடியவில்லை, நாற்காலியில் இருந்தபடியே வேலை சொல்லிக்கொண்டிருந்தார். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால் பட்டறைச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மெக்கானிக்கைச் சிபாரிசு செய்தார்கள். ஷம்ஷாத் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நாச்சிமுத்துவிடம் மட்டும் சொன்னார்.

"அடுத்து வர்ற வண்டியை நீங்களே பாருங்ணா. நான் கிட்ட வரமாட்டேன். அதுக்கப்புறம் சாவியைப் பத்திப் பேசலாம்."

நாச்சிமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயதில் தன்னை நம்பி ஒருவர் சாவி கொடுப்பார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

மறுநாள் காலையில் ஜெசிந்தாவின் வண்டி வந்தது. ஜெசிந்தா கால் டாக்ஸி ஓட்டுகிறவள்.

"மஞ்ச லைட்டு எரியுதுங்க. எஞ்சின் படம் போட்ட லைட்டு. பெட்ரோலும் தண்ணியாக் குடிக்குது. நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி. இந்த லட்சணத்துல போனா திருப்பி விட்டுருவாங்க. வண்டி நின்னா எங்க வீட்ல அடுப்பும் நின்னுரும்."

"நாச்சிமுத்து அண்ணன் பார்ப்பாரு" என்றார் ஷம்ஷாத்.

"அவருதான் பார்க்கணும். போன மாசம் ஆயில் ஒழுகினதை நிறுத்திக் குடுத்தாரே, இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகலை. கைராசிக்காரருன்னு ஸ்டாண்டு பூராவும் சொல்லி வெச்சிருக்கேன்."

நாச்சிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் தனியாகச் செய்த முதல் வேலை அது. ஷம்ஷாத் அன்றைக்கு டாக்டரிடம் போயிருந்தார்.

ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். ஆக்சிஜன் சென்சார் என்று காட்டியது. புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு, வெளியே போகிற புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று எஞ்சினுக்குத் தகவல் சொல்லும் சின்னப் பாகம் அது. தகவல் தப்பாகப் போனால் எஞ்சின் பெட்ரோலைத் தாறுமாறாகக் குடிக்கும். நாச்சிமுத்து அவசரப்படவில்லை. வயரைப் பார்த்தார், குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தூரத்தில் இருந்து ஷம்ஷாத் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து இன்னும் பொறுமையாகப் பார்த்தார்.

பிறகு சென்சாரைக் கழற்றினார்.

நுனியில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாகப் படிந்திருந்தது.

ஷம்ஷாத் சொல்லிக்கொடுத்த பாடம் அவருக்கு மறக்கவில்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஆயில் கசிந்திருந்தால் பழுப்பு. வெள்ளையாக இருந்தால், மூடி இடுக்கில் கசிவை அடைக்கப் பூசும் சிலிக்கான் பேஸ்ட். எஞ்சினுக்குள் யாரோ பேஸ்ட்டை அள்ளி அப்பியிருக்கிறார்கள், அதன் ஆவி சென்சாரைக் கொன்றிருக்கிறது என்று அர்த்தம்.

யாரோ என்ன யாரோ. போன மாதம் ஆயில் ஒழுகலை நிறுத்த எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி மாட்டியவர் அவர்தான். "ரப்பர் கேஸ்கட் போதும்ணா. பேஸ்ட் ரெண்டு மூலைல மட்டும், பட்டாணி அளவு" என்று ஷம்ஷாத் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பம்பு கம்பெனியில் அப்படி இல்லை. தண்ணீர் கசியக் கூடாது என்று சுற்றிலும் தாராளமாகப் பூசுவார்கள். கூடக் கொஞ்சம் பூசினால் என்ன கெட்டுவிடும் என்று பழைய கை நினைத்தது, பூசியது.

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். ஜெசிந்தா டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஷம்ஷாத் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கம்பி பிரஷ் கிடந்தது.

கை தானாகப் போய் அதை எடுத்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் கை தானாக எங்கும் போவதில்லை. நாச்சிமுத்து நன்றாக யோசித்துத்தான் பிரஷ்ஷை எடுத்தார், நுனியில் இருந்த வெள்ளையைத் தேய்த்து எடுத்தார். சென்சாரை வெள்ளைத் துணியில் வைத்து ஷம்ஷாத்திடம் கொண்டுபோனார்.

ஷம்ஷாத் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்ணா கெட்டுச்சு?"

"ஓடின ஓட்டத்துலதானுங்க. வயசாயிருச்சு."

"வயசாயிருச்சா?"

"ஆமாங்க."

ஷம்ஷாத் சென்சாரைத் துணியில் வைத்தார்.

"சரிங்ணா. புதுசு போடுங்க."

அவ்வளவுதான். நாச்சிமுத்து எதிர்பார்த்த கேள்வி எதுவும் வரவில்லை. வராதது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

புது சென்சாரை மாட்டி, விளக்கை அணைத்து, ஜெசிந்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். மஞ்சள் விளக்கு எரியவில்லை. வண்டி வெண்ணெய் போல ஓடியது.

பட்டறைக்குத் திரும்பி வந்ததும் ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் அப்பியிருந்த கை, அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டு நாளாத் தூக்கம் இல்லீங்ணா. புள்ளைங்க பீஸ் கட்ற நேரத்துல வண்டி நின்னுருமோன்னு பயந்தே செத்தேன். நீங்க நல்லா இருக்கணும். ஞாயித்துக்கெழமை கோயில்ல உங்க பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏத்துறேன்."

நாச்சிமுத்து கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை.

அந்தப் பேஸ்ட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இந்தப் புது சென்சாரையும் அது தின்னும். மறுபடி விளக்கு எரியும், மறுபடி இவள் இவரைத்தான் நம்பி வருவாள். அப்போது பட்டறைச் சாவி இவர் இடுப்பில் தொங்கும். மறுபடி ஒரு சென்சாரைப் போட்டுவிட்டு வயசாயிருச்சு என்று சொல்லலாம். இவளும் மறுபடி மெழுகுவத்தி ஏற்றுவாள்.

ஜெசிந்தா வண்டியில் ஏறிச் சாவியைத் திருகப் போனாள்.

"ஜெசிந்தாம்மா. வண்டியை எடுக்காதீங்க."

"ஏனுங்ணா?"

"சென்சாருக்கு வயசாகலைங்க. நான்தான் கெடுத்தேன்."

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பேஸ்ட்டைச் சொன்னார், பம்பு கம்பெனிப் பழக்கத்தைச் சொன்னார், கம்பி பிரஷ்ஷையும் சொன்னார். ஷம்ஷாத் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. பட்டறைச் சாவி போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். அது போனால் போகட்டும் என்று நினைக்கவும் முடியவில்லை, அவ்வளவு ஆசைப்பட்டிருந்தார்.

ஜெசிந்தா வண்டியை விட்டு இறங்கினாள்.

"அப்ப, ஒரு மாசமா நான் பெட்ரோலை ஊத்தி ஊத்தி ஓட்டினது?"

"என்னாலதானுங்க."

"ஸ்டாண்டுல இருக்கறவங்ககிட்ட இப்ப நான் என்னன்னு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க."

அவள் முகம் கறுத்துப் போயிருந்தது. போனை எடுத்து மணி பார்த்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள முடியுமா?"

"முடிச்சுத் தர்றேனுங்க. மூடியைக் கழட்டிச் சுத்தமாச் சொரண்டி எடுக்கணும், ஆயிலையும் மாத்தணும். செலவு பூராவும் என்னுது."

"நம்மளுது" என்று ஷம்ஷாத்தின் குரல் வந்தது. "பட்டறைச் செலவுங்ணா. வேலையைப் பாருங்க."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அந்த 'நம்மளுது' தாங்க முடியவில்லை. முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு எஞ்சின் மேல் குனிந்தார். மூடியைக் கழற்றினார். காய்ந்த பேஸ்ட் சுற்றிலும் புழுப்புழுவாகப் பிதுங்கி நின்றது. ஒவ்வொரு இழையாக எடுத்தார். புது ரப்பர் கேஸ்கட்டை வைத்து, இரண்டு மூலையில் மட்டும் பட்டாணி அளவு பேஸ்ட் தொட்டு வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது எழவில்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் வண்டி தயாராகிவிட்டது. ஜெசிந்தா ஏறி உட்கார்ந்து, உடனே கிளம்பாமல் கண்ணாடியை இறக்கினாள்.

"காலைலயே சொல்லியிருந்தா மத்தியானமே போயிருப்பேன்."

"ஆமாங்க."

"ஆனா நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நன்றிங்ணா. மெழுகுவத்தி ஏத்தத்தான் போறேன்."

வண்டி போய்விட்டது. நாச்சிமுத்து ஸ்பேனர்களைத் துடைத்துப் பலகையில் அடுக்கினார். ஒருமுறை அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். நாற்காலிப் பக்கம் போகாமல் இருக்க வேறு வேலை எதுவும் மிச்சமில்லை.

"இங்க வாங்ணா."

போனார். ஷம்ஷாத்தின் உள்ளங்கையில் பட்டறைச் சாவி இருந்தது.

நாச்சிமுத்து கையை நீட்டவில்லை.

"பிரஷ் போட்டது உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?"

"எடுத்துப் பார்த்ததுமே தெரியும். நுனில கீறல் இருந்துச்சு."

"பின்ன ஏனுங்க புதுசு போடச் சொன்னீங்க? அங்கயே புடிச்சுக் கேட்டிருக்கலாமுங்களே."

ஷம்ஷாத் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

"புது சென்சாரை மாட்டி வண்டியை ஸ்டார்ட் பண்ணினீங்களே. பண்ணின உடனே அது சரியாச் சொல்லுச்சா?"

"இல்லீங்க. சூடேறினாத்தான் சொல்லும்."

"அதுவரைக்கும் எஞ்சின் என்ன பண்ணும்?"

"ஒரு குத்துமதிப்புல ஓடிக்கிட்டு இருக்குமுங்க."

ஷம்ஷாத் அவர் கையைப் பிடித்து, சாவியை வைத்து, விரல்களை மூடினார்.

"நீங்களா சொல்ற வரைக்கும் நானும் அப்படித்தாங்ணா உக்காந்திருந்தேன்."