பொந்துக்கு முதுகு காட்டி

"மூணு வருஷம், பாக்கியம். மூணு வருஷமா இந்தக் காட்டுக்கு வர்றேன். ஒரு இருவாச்சிப் பறவையைக் கூடக் கண்ணால பாக்கல."

சொன்னவர் தேவசகாயம். ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு டாக்டர் ஆறு மாதம்தான் கெடு சொல்லியிருக்கிறார்.

பாக்கியம் காடர் பழங்குடிப் பெண். வனத்துறையில் வாட்சர். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். அவள்தான் தன் குரு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவளை யாரும் கேட்கவில்லை.

"பேசாம நடங்க சார்."

நடந்தார்கள். அட்டை கடித்தது. புலம்பினார். சிங்கவால் குரங்கு பலாக்கொட்டையை எறிந்தது. அதற்கும் புலம்பினார்.

பெரிய மரம் ஒன்று. உயரத்தில் எச்சம் பூசி அடைத்த பொந்து. விரல் நுழையும் அளவுக்கு ஒரு கீறல்.

"உள்ள இருவாச்சிப் பொட்டையும் குஞ்சும் இருக்கு. ஆம்பளை ஊட்டினாத்தான் சாப்பாடு. நாம அந்தப் பாறை மறைவுல இருப்போம்."

"அங்கேயிருந்து எனக்கு என்ன தெரியும்?"

மரத்தடிக்கே போய் உட்கார்ந்தார். பாக்கியமும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். பைனாகுலரைத் தூக்கினார்.

இரண்டு மணி நேரம் போயிற்று. பொந்துக்குள் குஞ்சு கத்த ஆரம்பித்தது.

பாக்கியம் தரையைத் தடவினாள். பழக்கொட்டைகள் காய்ந்து கிடந்தன.

"எல்லாம் நேத்து விழுந்தது. இன்னிக்கு இன்னும் ஊட்டல."

"எங்கே தொலைஞ்சது அது?"

"பக்கத்துலதான் இருக்கும், தொண்டை நிறையப் பழத்தோட. நீங்க மொறைச்சுக்கிட்டே இருந்தா எப்படி வரும்?"

"சரி, எழுந்து போயிடலாம்."

"இப்ப எழுந்தா பறந்துரும். மெல்லத் திரும்பி உக்காருங்க. மரத்துக்கு முதுகு காட்டி."

"பாக்க வந்தவனை முதுகு காட்டச் சொல்றியே! நல்ல குரு கிடைச்சே எனக்கு!"

குஞ்சு மறுபடி கத்தியது.

திட்டிக்கொண்டே திரும்பினார்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு தலைக்கு மேல் பெரிய இரைச்சல். பழைய ரயில் என்ஜின் மூச்சு விடுவதுபோல. பிடரியில் காற்று பட்டது. மேலே அலகு தட்டும் சத்தம்.

ஈரக் கொட்டை ஒன்று தோளில் விழுந்தது.

குஞ்சின் சத்தம் நின்றது.

அவருடைய கழுத்து நரம்பு துடிப்பதைப் பாக்கியம் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

"ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்துக்குங்க சார்."

"பேசாம இரு. அது சாப்பிடுது."