நெடுங்கரைக்கு வந்த கூட்டம்

முன்னொரு காலத்தில், பெயர் கேட்டால் கதை சொல்பவனே விழிக்கும்படியான ஒரு நாட்டில், அரசர் ஒருவருக்குக் கடைவீதியின் மேல் ஆசை வந்தது.

பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனவர் அங்கே ஒரு வீதியைப் பார்த்துவிட்டார். இரு பக்கமும் கல்தூண்கள், தூணுக்குத் தூண் விளக்கு. மழை கொட்டினாலும் நனையாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கலாம். திரும்பும் வழியில் அவருடைய பல்லக்கு நெடுங்கரை என்ற ஊரைக் கடந்தது. அங்கேயும் சந்தை கூடியிருந்தது. ஓலைக் கூரைகள், நடுவில் மாட்டுத்தொட்டி வழிந்து ஊறிய சேறு, சேற்றில் ஓர் எருமை. அரசர் பல்லக்கின் திரையை இழுத்து மூடினார். அரண்மனை வந்து சேரும்வரை அதை விலக்கவில்லை.

மறுநாள், முறுக்கிய மீசையும் இடது கன்னத்தில் மச்சமும் உள்ள பண்டாரத் தலைவர் சேந்தனாரை அழைத்தார்.

"நெடுங்கரையில் எனக்கு ஒரு கடைவீதி வேண்டும்."

"ஆகட்டும், அரசே. தங்கள் பண்டாரத்திலிருந்து ஒரு காசும் எடுக்காமல் கட்டித் தருகிறேன்" என்றார் சேந்தனார்.

அவருடைய யோசனை இது. நெடுங்கரையில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஏரிக்கென்று ஒதுக்குவார்கள். கரை உயர்த்தவும் மதகைப் பழுதுபார்க்கவும் அது செலவாகும். ஏரிப்பங்கு என்று அதற்குப் பெயர். இனி முப்பது ஆண்டுக்கு அந்தப் பங்கு வீதி கட்டும் கல்தச்சர்களுக்குப் போகும். வீதி எழும்பினால் கூட்டம் வரும், கூட்டம் சுங்கம் கொடுக்கும், அந்தச் சுங்கம் ஏரிக்கு உரியதை இரு மடங்காகத் திருப்பித் தரும். இதை அழகான எழுத்தில் ஓலையில் எழுதி, சேந்தனார் கையொப்பமும் இட்டார். வீதி எப்படி இருக்கும் என்று காட்ட, அரண்மனை ஓவியரிடம் சொல்லி ஒரு பெரிய துணியில் வரையவும் செய்தார். அந்த ஓவியர் தலைநகரின் கோட்டைவாசலைத் தாண்டி வாழ்நாளில் ஒருமுறையும் போனதில்லை.

துணியை அவையில் விரித்தபோது எல்லோரும் வாய்பிளந்து பார்த்தார்கள். தூண்களுக்கு நடுவே இருபத்தேழு பேர் எதையெதையோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். அரசர் கண்கலங்கிப்போனார்.

அவையில் விடங்கன் என்ற விகடகவி இருந்தான். அரசர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மனத்தில் பட்டதைச் சொல்லுவது அவன் வேலை. அவன் துணியருகே வந்து நின்றான்.

"ஓவியம் அழகு, அரசே. கூட்டமும் நிறைய. இவர்கள் எல்லோரும் இப்போது எங்கே இருக்கிறார்கள்?"

அவையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அரசரும் சிரிக்கப் பார்த்தார். சேந்தனாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. தான் பத்து ஆண்டு உழைத்து வாங்கும் புன்னகையை விடங்கன் ஒரு வாக்கியத்தில் வாங்கிவிடுகிறான் என்று அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"அரசே, குறை சொல்வது எளிது. விடங்கனையே அனுப்புவோம். நெடுங்கரைச் சபையிடம் பேசி, முப்பது நாளில் ஓவியத்தில் உள்ளதை உள்ளபடி தங்கள் கண்முன் நிறுத்தட்டும்."

முப்பது நாளில் மூன்று தூண்கூட எழும்பாது என்று அவையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆசை வந்த அரசருக்குக் காது சற்று மந்தமாகிவிடும்.

"அப்படியே ஆகட்டும். விடங்கா, இதோ என் முத்திரை மோதிரம். எது வேண்டுமோ, யாரிடம் வேண்டுமோ கேட்டுப் பெற்றுக்கொள். ஓவியத்தில் உள்ளது ஒன்றும் குறையக்கூடாது. தவறினால் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை."

*

நெடுங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது சபை கூடினால், பேச நினைப்பவர் முதலில் ஏரிக்குள் இறங்கி ஒரு கூடை வண்டல் அள்ளி வந்து கரையில் கொட்டவேண்டும். கூடை சுமக்காதவருக்குப் பேச்சில்லை. அந்தச் சபையில் வீண்பேச்சு குறைவாக இருந்ததற்கும், கரை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் உயர்ந்ததற்கும் அதுவே காரணம்.

அந்த ஆண்டு கூடை நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பது வேம்பியின் முறை. அவளுடைய வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. எல்லோரும் குடித்து மிச்சம் வைத்த தண்ணீர்தான் அவளுக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் மதகடியில் கரை உடைந்தபோது, அடைக்கப் போன அவள் கணவனை வெள்ளம் கொண்டுபோயிற்று. உடைப்பைப் பிறகு அடைத்தும் நீர் கசிந்து, ஏரி நிறையவில்லை. வயல் இரண்டு ஆண்டாகத் தரிசு. மூன்றாம் ஆண்டும் தரிசாகக் கிடந்தால், ஊர் வழக்கப்படி நிலம் சபைக்குப் போய்விடும்.

விடங்கனும் ஒரு கூடை சுமந்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னான். முதலில் எண்ணெய்க் கடை ஆதப்பர் எழுந்தார்.

"நான் வீதி வேணும்னுதான் சொல்லுவேன். போன மழையில என் கடைக்குள்ள தண்ணி பூந்து எட்டுக் கொடம் எண்ணெய் போச்சு. வழியில போற வாணிகன் எவனாச்சும் இங்க நிக்கிறானா? சேத்தப் பாத்ததும் அடுத்த ஊருக்கு வண்டிய ஓட்டிடறான்."

"கூரை ஒழுகுனா கூரைய மாத்துங்க மாமா. அதுக்குக் கல்தூணு எதுக்கு?" என்றாள் வேம்பி.

"ஒனக்கு வயலு, எனக்குக் கடை. என் வயித்துக்கு நான் பேசக் கூடாதா தாயி?"

"பேசுங்க. கூடை சொமந்தவரு பேசக் கூடாதுன்னு யாரு சொன்னா? ஆனா மதகடியில ஒரு பொந்து இருக்கு. போன மாசம் குச்சி விட்டுப் பாத்தேன், குச்சி முழுசும் உள்ள போயிருச்சு. இந்த வருசப் பங்குல அத அடைக்கலேன்னா, உங்க தூணுக்கு நடுவுல மீன் ஓடும்."

"அதான் கூட்டம் வந்தா ரெட்டிப்பாத் திரும்பி வரும்னு ஓலையில எழுதியிருக்காங்களே" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"எப்ப வரும்?"

"முப்பது வருசத்துல."

"அதுவரைக்கும் ஐப்பசிய வர வேணாம்னு சொல்லி அனுப்பிட்டீங்களா?"

ஆதப்பர் உட்கார்ந்தார். தூரத்தில் ஏரியின் வெடித்த தரைமேல் ஒரு கொக்கு, எதையோ தொலைத்துவிட்டதுபோல நடந்துகொண்டிருந்தது.

விடங்கன் ஓவியத்தை விரித்தான். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். வேம்பி குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்காரு. ஆனா ஒருத்தர் கால்லயும் மண்ணு இல்லையே. எந்த ஊருக்காரங்க இவங்க?"

விடங்கனும் அப்போதுதான் முகங்களை உற்றுப் பார்த்தான். பூசணிக்காய்க்கு விலைபேசுகிறவருக்கு முறுக்கிய மீசை, இடது கன்னத்தில் மச்சம். வளையலைத் திருப்பிப் பார்ப்பவர் படைத்தலைவர். வெற்றிலைக் கட்டுக்குக் கைநீட்டுபவர் அரண்மனைச் சோதிடர். கூட்டம் வரையச் சொன்னதும், பாவம், ஓவியர் தான் அறிந்த முகங்களையே வரைந்துவிட்டார்.

விடங்கன் துணியைச் சுருட்டினான்.

"எனக்குத் தெரிந்தவர்கள்தான்" என்றான். "கூப்பிட்டால் வருவார்கள்."

*

நாட்கள் போயின. நெடுங்கரையில் கல் இறங்கவில்லை, தூண் எழவில்லை, விடங்கன் ஊராரோடு வண்டல் சுமக்கிறான் என்று ஒற்றர்கள் வந்து சொன்னார்கள். சேந்தனார் நிம்மதியாகத் தூங்கினார். இருபத்தெட்டாம் நாள் அரச முத்திரையோடு அவர் வீட்டுக்கு ஓர் ஓலை வந்தது. அதேபோல் ஓவியத்தில் இருந்த மற்ற இருபத்தாறு பேர் வீடுகளுக்கும் போயிற்று. முத்திரையை மீற யாருக்குத் துணிச்சல்?

முப்பதாம் நாள் முற்பகல் அரசர் நெடுங்கரையில் வந்து இறங்கினார். அதே ஓலைக் கூரைகள், அதே சேறு. சேற்றில் அவருடைய அவை முழுவதும் நின்றுகொண்டிருந்தது. படைத்தலைவர் கையில் வளையல். சோதிடர் வெற்றிலைக் கட்டை நோக்கிக் கைநீட்டியபடி அசையாமல் நின்றார். சேந்தனார் ஒரு பெரிய பூசணிக்காயை மார்போடு அணைத்திருந்தார். பட்டு அங்கவஸ்திரத்திலிருந்து வியர்வை சொட்டியது. சந்தையை ஒட்டிய ஏரிக்கரையில் சபை கூடியிருந்த ஊரார் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

"விடங்கா, வீதி எங்கே?" அரசரின் குரல் தாழ்ந்திருந்தது. அது நல்ல அறிகுறி அல்ல.

"அரசே, வீதிக்குக் கூட்டம்தான் விலை கொடுக்கும் என்று ஓலை சொல்கிறது. விலை கொடுப்பவர்கள் இல்லாமல் வீதியைத் தொடங்கலாமா? அதனால் முதலில் கூட்டத்தைக் கொண்டுவந்தேன். ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு தலையும் குறையவில்லை."

அரசர் துணியைப் பார்த்தார். சேந்தனாரைப் பார்த்தார். மறுபடியும் துணியைப் பார்த்தார்.

சேந்தனாருக்குப் பொறுமை போயிற்று. "அரசே, இது அவமானம்! விடிந்ததிலிருந்து நிற்கிறோம். இன்னும் எவ்வளவு நேரம்?"

"முப்பது ஆண்டு, ஐயா" என்றான் விடங்கன் பணிவாக. "சந்தைதோறும் வந்து, வாங்கி, சுங்கமும் கொடுக்கவேண்டும். கூட்டம் தவறாமல் வரும் என்று தாங்களே கையொப்பமிட்டிருக்கிறீர்கள்."

"யாராவது வருவார்கள் என்றுதான் எழுதினேன்! நான் வருவேன் என்று எழுதவில்லையே!"

சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாமல் சேந்தனார் பூசணிக்காயை இன்னும் இறுக்கிக்கொண்டார். அரசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது வேம்பி கையில் வெறுங்கூடையோடு முன்னால் வந்தாள்.

"மன்னிக்கணும் சாமி. சபை கூடியிருக்கு. கூடை சொமக்காம இங்க யாருக்கும் பேச்சு இல்ல. அந்த ஐயா பேசினதுக்கே ரெண்டு கூடை பாக்கி."

காவலர்கள் வேல்களை நிமிர்த்தினார்கள். இதை விடங்கனும் திட்டமிடவில்லை.

அரசர் காவலர்களைக் கையால் தடுத்தார். செருப்பைக் கழற்றினார். கூடையை வாங்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார்.

மதகடியில் ஈரம் காயாத வண்டலை அள்ளக் குனிந்தபோது பொந்து கண்ணில் பட்டது. உடைவாளை உறையோடு அதற்குள் விட்டுப் பார்த்தார். பிடிவரை உள்ளே போயிற்று. வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தார். வழிகாட்ட உடன் இறங்கிய ஆதப்பர், தணிந்த குரலில், "இந்த எடத்துலதான் சாமி, அந்தப் புள்ளையோட புருசன் நின்னான்" என்றார். தன் எண்ணெயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அரசர் கூடையைச் சுமந்து மேலே ஏறி, கரையில் வைத்தார். முழங்கைவரை சேறு. வேம்பி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாதிதான் சாமி இருக்கு."

சபைத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாதிக் கூடைக்குப் பாதிப் பேச்சு. எங்க வழக்கம் அது" என்றாள் வேம்பி.

அரசர் அவளையே பார்த்தார். மெதுவாகத் தொடங்கிய சிரிப்பு, கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆயிற்று. கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் சேறு.

"சரி தாயே, பாதியே சொல்கிறேன். ஏரிப்பங்கு ஏரிக்கே."

அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அப்ப சந்தை?" என்றார் ஆதப்பர் கவலையோடு.

அரசர் கூடையைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் ஏரிக்குள் இறங்கினார். இந்தமுறை விளிம்பில் வழிய வழிய வந்தது. வேம்பி தலையசைத்தாள்.

"சந்தைக்கு ஓட்டுக் கூரையும் கல் பாவிய தரையும் என் பண்டாரத்திலிருந்து. தூண் வேண்டாம். மதகடிப் பொந்து அடைபடும்வரை ஓவியத்தில் இருக்கும் இருபத்தேழு பேரும் இங்கேயே இருப்பார்கள். சேந்தனாரே, பூசணிக்காயைக் கீழே வையுங்கள். இரண்டு கை வேண்டியிருக்கும்."

பிறகு தம் கழுத்திலிருந்த பொன்மாலையைக் கழற்றி, சேற்றுக் கையாலேயே விடங்கனுக்கு அணிவித்தார். மறுபடியும் சிரித்தார். இந்த முறை ஊரும் சேர்ந்து சிரித்தது.

அந்த ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது. இரவும் பகலும் ஆட்கள் கரைமேல் நின்றார்கள். கரை அசையவில்லை. பத்தாம் நாள் காலையில், மேல்வயல்களெல்லாம் நிறைந்து வழிந்தபின், தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு மெல்ல வேம்பியின் வயலுக்குள் வந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்து, அது வயல் முழுவதும் பரவும்வரை எழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.