அசையாதே

இத்தாலியில் வெள்ளைக்கல் மலைக்குக் கீழே ஒரு ஊர். அங்கே கொராதோ என்று ஒரு சிற்பி இருந்தான். தாத்தா சிற்பி, அப்பா சிற்பி, சித்தப்பா ஓவியர். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாலுக்கு அழுததைவிடக் களிமண்ணுக்கு அழுததுதான் அதிகம்.

கொராதோவின் தலை நரைத்த காலத்தில் அவன் அம்மா லீவியா இறந்துபோனாள். கல்லறைக்கு அவள் சிலையைத் தானே செய்வதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டான். உளியை எடுத்தால் அம்மா வரவில்லை. எங்கே தொட்டாலும் கோவிலில் இருக்கும் மாதாவின் முகம்தான் வந்தது.

வராமல் என்ன செய்யும்? அந்த ஊர் மாதா சிலைகளுக்கெல்லாம் மாதிரியாக உட்கார்ந்தவளே லீவியாதான். அப்பா செதுக்கிய முகத்தையே பார்த்துப் பார்த்து, பிள்ளை உயிருள்ள முகத்தைத் தொலைத்துவிட்டான்.

பாவம், சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. கடைசியில் கல்லறைத் தோட்டத்தின் பக்கத்தில் சிற்பப் பட்டறை வைத்திருந்த எர்சிலியாவிடம் போனான். வயதில் அவனைவிடச் சின்னவள்தான். ஆனாலும் அவளைத்தான் குருவாக நினைத்திருந்தான்.

"குருவே, பெற்றவள் முகம் எனக்கு மறந்துவிட்டது. கல்முகம்தான் ஞாபகம் இருக்கிறது. நானெல்லாம் ஒரு பிள்ளையா?"

எர்சிலியா ஒரு முக்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்கள். கைகளை மடியில் வையுங்கள். நான் சொல்லும்வரை அசையக் கூடாது."

"நானா? எதற்கு?"

"பேசவும் கூடாது."

களிமண்ணை எடுத்துப் பலகையில் வைத்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மூக்கு அரித்தது. பிறகு முதுகு வலித்தது. பிறகு கால் மரத்துப்போய், கால் இருப்பதே தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கல்தூசி மெல்ல மிதந்தது. வெளிச்சம் சுவரில் ஏறிக்கொண்டே போனது. எங்கோ தூரத்தில் அப்பாவின் குரல் கேட்டது. "அசையாதே, லீவியா." மடியில் கிடக்கும் கைகள் தன்னுடையவைதானா என்று கொராதோவுக்குச் சந்தேகமாக இருந்தது.

"போதும்" என்றாள் எர்சிலியா.

கொராதோ எழுந்தான். இடுப்பில் கையை ஊன்றி, முதுகை வளைத்து, வாய் நிறையக் கொட்டாவி விட்டான்.

"அப்பாடா! இனிமேல் அந்த மாதாவே வந்து உட்காரட்டும்!"

சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான். அது அவன் பேச்சே இல்லை, அம்மா பேச்சு. அப்பா உளியைக் கீழே வைத்ததும் அவள் இப்படித்தான் எழுந்திருப்பாள். இப்படித்தான் கொட்டாவி விடுவாள். அப்போது ஒரு கண் மட்டும் மூடிக்கொள்ளும், மூக்கு சுருங்கும். பிறகு மூலையில் விளையாடும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பாள்.

கொராதோ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

எர்சிலியாவின் பலகையில் களிமண் உருண்டை வைத்தபடியே இருந்தது. அவள் அதில் விரல்கூட வைக்கவில்லை.

"கிடைத்துவிட்டாள், குருவே" என்றான் அவன். கண்ணைத் துடைத்ததும் பயம் வந்துவிட்டது. "ஆனால் கல்லறைமேல் கொட்டாவி விடுகிற சிலையா? எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படிச் செய்ததில்லையே. அப்பா இருந்தால் என்ன சொல்வார்?"

எர்சிலியா களிமண்மேல் ஈரத்துணியைப் போர்த்தினாள்.

"'அசையாதே' என்பார். அவளும் பாவம், இத்தனை காலம் கேட்டாள். நீங்களாவது 'எழுந்திரும்மா' என்று சொல்லுங்கள்."