முதல் வாய்

ஆறு கடலில் சேரும் இடத்தில், மணல்மேட்டின் மறைவில், ஐந்து பேர் ஒரு பனையோலைக் கொட்டகையில் வாழ்ந்துவந்தார்கள். அவர்களுக்குக் குரு அரியநாச்சி என்ற பெண். மற்ற நால்வரும் ஆண்கள், அவரைவிட மூத்தவர்கள். அவரை அம்மை என்று கூப்பிட்டார்கள்.

அவர்கள் உழுவதில்லை. பிச்சைக்கும் போவதில்லை. கரை தந்ததைத் தின்றார்கள். உவர் நிலத்தில் உமரிக்கீரை கிடைத்தது. பாறை இடுக்கில் கஞ்சிப்பாசி வளர்ந்தது. நீர் வற்றும் நேரத்தில் கழிமுகத்துச் சேற்றைக் காலால் துழாவினால் மட்டிச் சிப்பி தட்டுப்படும். காற்று அடித்த மறுநாள் மணலில் என்னென்னவோ ஒதுங்கிக் கிடக்கும்.

எது உணவு, எது நஞ்சு என்று கரை சொல்லாது. நேற்று நல்லதாக இருந்தது இன்று கெட்டுப்போயிருக்கலாம். அதனால் அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. எடுத்து வந்தவர்தான் முதலில் ஒரு வாய் தின்ன வேண்டும். முற்றத்தில் நட்ட கம்பின் நிழல் ஒரு முழம் நகரும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் எல்லோரும் சாப்பிடுவார்கள். இதற்கு முதல் வாய் என்று பெயர்.

நால்வரில் திருமேனி முன்பு எண்ணெய் வியாபாரி. சாத்தையா வண்டி ஓட்டியவர். பெரும்பாலும் இந்த இருவர்தான் காலையில் ஓலைப்பெட்டியோடு கழிமுகத்துக்குப் போவார்கள். சாத்தையா போகிற வழியெல்லாம் நின்று பார்ப்பார். அடும்புக் கொடி பூத்திருந்தால் நிற்பார். உள்ளான் குருவிகள் அலையோடு ஓடி, அலையோடு திரும்புவதைப் பார்த்துச் சிரிப்பார். திருமேனி நிற்பதில்லை. வேலையை முடித்துத் திரும்புவார்.

திருமேனிக்கு விரதம் இருக்கும் வழக்கம் வந்தது. முதலில் வாரத்தில் ஒரு நாள். பிறகு இரண்டு நாள். பிறகு பிறை வளர வளர உணவைக் குறைத்து, பௌர்ணமியன்று தண்ணீரோடு நின்றார். பக்கத்து மீனவக் குப்பத்தில் இது பரவியது. விரதச் சாமி என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கி வந்து அவர் கையால் திருநீறு வாங்கிப் போனார்கள்.

அம்மை அதைப் பாராட்டவில்லை. தடுக்கவும் இல்லை.

சாத்தையா மட்டும் கேலி செய்வார். "நீர் சாப்பிடாம விட்டதை எல்லாம் சேத்து வச்சா நாங்க ஒரு மழைக்காலத்தை ஓட்டிரலாம் வே" என்பார். திருமேனிக்கு உள்ளூரக் கோபம் வரும். காட்டிக்கொள்ள மாட்டார்.

ஐப்பசியில் மேற்கே மழை பெய்தது. ஆற்றில் செந்நீர் வந்தது. கழிமுகமே சிவந்து கிடந்தது. அது மலையிலிருந்து வந்த மண்ணின் நிறம் என்று திருமேனி நினைத்தார். நினைக்காமல் இருக்கவும் காரணம் இல்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் அப்படித்தான் சிவக்கும். அவர் பெட்டி நிறைய மட்டி எடுத்துவந்தார்.

மட்டி வெந்து வாய் திறந்தது. அப்போதுதான் அன்று பௌர்ணமி என்பது பேச்சில் வந்தது. முதல் வாய் தின்ன வேண்டியவர் திருமேனி. தின்றால் விரதம் முறியும். அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாத்தையா எழுந்து வந்தார்.

"உமக்கு விரதம்னா என்ன வே. எனக்கு வாய் இல்லையா?"

திருமேனி வேண்டாம் என்று சொல்லவில்லை. நகர்ந்து வழி விட்டார்.

சாத்தையா கை நிறைய அள்ளித் தின்றார். பசியோடு இருந்தார். உப்பு சரியாக இருக்கிறது என்றார். நிழல் பாதி முழம் நகர்வதற்குள் உதட்டைத் தடவிக்கொண்டார். "உதடு மரத்துப் போச்சு. உம்ம விரதம் எனக்கு ஒட்டிக்கிட்டு வே" என்று சிரித்தார். பிறகு நாக்கு குழறியது. விரல் மடங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றது.

அன்று கழிமுகத்தைச் சிவக்க வைத்தது மண் மட்டும் அல்ல, நீரில் பெருகிய ஒரு நச்சுப் பாசியும்தான் என்று பிறகு தெரிந்தது. இரண்டு குப்பத்து நாய்கள் மட்டி ஓட்டை நக்கிச் செத்துக் கிடந்தன.

சாத்தையாவை மணல்மேட்டின் பின்னால் புதைத்தார்கள். மீதி மட்டியைச் சட்டியோடு வேறோர் இடத்தில் புதைத்தார்கள்.

மறுநாள் திருமேனி மேட்டின் உச்சிக்குப் போய் வடக்கு பார்த்து உட்கார்ந்தார். உயிர் போகும்வரை உண்பதில்லை என்றார். தண்ணீர் மட்டும் எடுத்துக்கொள்வார். அதையும் போகப்போக விட்டுவிடுவேன் என்றார். தன்னால் ஒரு உயிர் போனது, அதற்குத் தன் உயிரைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்று சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. இரவும் பகலும் அழுதார்.

குப்பத்துக்காரர்கள் கேள்விப்பட்டு வந்தார்கள். வெயில் படாமல் இருக்க நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்தார்கள். யாரோ மாலை கொண்டுவந்தார்கள். மாலை போட வேண்டாம் என்று திருமேனி தலையசைத்தார். அதைப் பார்த்து அவர்களுக்குப் பக்தி கூடியது. காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. உயிர் பிரியும் நேரத்தில் பக்கத்தில் இருந்தால் புண்ணியம் என்று சிலர் அங்கேயே தங்கினார்கள்.

கொட்டகையில் மிஞ்சிய இருவர் அம்மையிடம் போனார்கள். திருமேனியை இறக்கிக் கொண்டுவரச் சொல்லிக் கெஞ்சினார்கள். அம்மை ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கீரை பறிக்கப் போனார்.

அவர்களும் மெலிந்திருந்தார்கள். சாத்தையா போன பிறகு கழிமுகத்தில் இறங்க யாருக்கும் துணிவு இல்லை. குப்பத்துப் பெண்களும் இறங்கவில்லை. எல்லோரும் உமரியையே பறித்தார்கள். முற்றிய உமரியில் உப்பு ஏறிவிடும். எத்தனை தண்ணீர் மாற்றி வேகவைத்தாலும் நாக்கு வறளும்.

மழை விட்டது. ஆற்று நீர் தெளிந்து பச்சையானது. போயிருந்த உள்ளான்கள் திரும்பி வந்து சேற்றைக் கொத்தின. வானம் மட்டும் வெளுக்கவில்லை. சாம்பல் பூசியதுபோல் கிடந்தது.

ஒரு காலை, நீர் வற்றியபோது, அம்மை கழிமுகத்தில் இறங்கினார். இடுப்பளவு நீரில் நின்று காலால் துழாவினார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, பறவைகள் கூட்டமாக எழுந்து ஒரே வீச்சில் திரும்புவதைப் பார்த்தார். அவை மீண்டும் உட்காரும்வரை பார்த்தார். சாத்தையா இருந்தால் இன்னும் நின்றிருப்பார்.

கொஞ்சம் மட்டி கிடைத்தது. வேகவைத்து, சட்டியோடு மேட்டில் ஏறினார். குப்பத்து ஆட்கள் அப்போது கரைவலை இழுக்கப் போயிருந்தார்கள். தங்கியிருந்த சிலரை அம்மை கீழே அனுப்பினார்.

திருமேனியின் கன்னம் ஒட்டியிருந்தது. கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சட்டியைப் பார்த்ததும் அது என்னவென்று அவருக்கு மணத்திலேயே தெரிந்துவிட்டது.

"இதை எங்க எடுத்தீங்க, அம்மை?"

"அதே எடத்துல."

"தண்ணி சரியாயிட்டா?"

"பாத்தா சரியாயிட்ட மாதிரி இருக்கு. சரியாயிட்டான்னு தெரியாது."

அம்மை ஒரு சுள்ளியை மணலில் நட்டார். அதன் நிழலிலிருந்து ஒரு முழம் அளந்து கோடு கிழித்தார். பிறகு ஒரே ஒரு மட்டியை எடுத்து, ஓட்டைப் பிரித்து, வாயில் போட்டு மென்றார்.

திருமேனி கையை நீட்டினார். எட்டவில்லை.

"துப்புங்க, அம்மை."

"எடுத்தது நான்தானே."

விழுங்கிவிட்டார்.

மெல்லிய மேகத்துக்குப் பின்னால் சூரியன் இருந்தது. சுள்ளியின் நிழல் மங்கலாக விழுந்தது. சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. திருமேனி அதையும் அம்மையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை நாளும் தான் சாகப்போவதை நினைத்து அவருக்குப் பயம் வந்ததில்லை. இப்போது வந்தது.

"உதடு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"நாக்கு?"

"அதுவும் இருக்கு. பேசிக்கிட்டுதானே இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. அம்மையும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் திருமேனி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். யாராவது ஒருவர் தின்று பார்க்காவிட்டால் இந்தக் கழிமுகம் யாருக்கும் திரும்பக் கிடைக்காது என்றார் அம்மை. கொட்டகையில் இருவரும் உமரி தின்று வயிறு கெட்டுக் கிடக்கிறார்கள் என்றார். குப்பத்தில் பிள்ளைகளும் அதைத்தான் தின்கின்றன என்றார்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. போகப்போற உயிருதானே. நான் தின்னு பாத்திருப்பேனே."

"உமக்கு விரதம்லா."

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார்.

கடலிலிருந்து காற்று வந்தது. காய்ந்த மாலைகள் சரசரத்தன. கீழே அலை நுரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுபடி எடுத்துக்கொண்டு போனது. சிறு நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்த்தன. அம்மை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சாகலாம் என்று தெரிந்த ஒருவர் அப்படிப் பார்க்க முடியும் என்று திருமேனிக்குத் தெரியாது.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"அன்னைக்கு அவர் சட்டிகிட்ட வந்தப்போ நீங்களும் அங்கதான் இருந்தீங்க. ஏன் தடுக்கல?"

அம்மை நண்டுகளிலிருந்து பார்வையைத் திருப்பினார்.

"தடுக்கல" என்றார் பிறகு. "உம்ம விரதத்தைக் கலைச்சா நீர் வருத்தப்படுவீர்னு பாத்தேன். மட்டியில நஞ்சு இருக்கும்னு நான் நினைக்கல. அது என்னோட பங்கு. அதை நான் யார்கிட்டயும் இறக்கி வைக்கப் போறதில்ல."

திருமேனி அவரை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அம்மையும் மெலிந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

நிழல் நகர்ந்தது. கோட்டைத் தொட்டது. பிறகு கோட்டைத் தாண்டியது. அம்மை தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டிப் பார்த்தார். எல்லாம் மடங்கின. கீழே திரும்பி, கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்த இருவருக்கும் கையசைத்தார். அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கழிமுகம் திரும்பக் கிடைத்துவிட்டது.

அம்மை ஒரு பூவரச இலையில் மட்டியைப் பிரித்து வைத்து, திருமேனியின் முன் தள்ளினார்.

அப்போது கீழே வலை இழுத்து முடிந்திருந்தது. ஆட்கள் மேட்டை நோக்கி வரத் தொடங்கியிருந்தார்கள். முன்னால் வந்த பெண்ணின் கையில் புது மாலை இருந்தது. இடுப்பில் பிள்ளை இருந்தது.

திருமேனி இலையைத் தொடவில்லை.

"எனக்கு வேற வழி தெரியல, அம்மை" என்றார். "அவர் செத்ததுக்கு நான் என்னதான் செய்ய? பட்டினி கிடந்து போறதைத் தவிர எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

அம்மை சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அன்னைக்கும் நீர் பட்டினிதானே கிடந்தீர், திருமேனி."

திருமேனி இலையைப் பார்த்தபடி இருந்தார். மணலில் ஏறி வருகிறவர்களின் பேச்சுச் சத்தம் நெருங்கியது. யாரோ, சாமி கண்ணைத் திறந்திருக்கிறார் என்றார்கள்.

அவர்கள் மாலையோடு வந்து நின்றபோது அவர் வாயில் கவளம் இருந்தது.