பூவலிங்கம் கொண்டுபோன சாவி

முதலில் கெடுதல் செய்தவன் பூவலிங்கம். கதை எந்தப் பக்கம் போனாலும் இதை மறந்துவிடக் கூடாது. அலமாரிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவன் அவன்தான். தவசிக்கண்ணு அவனுக்கு அக்காள் வீட்டுக்காரர், அதுவும் பெரிய மனுசன். அவருக்குப் போய் இப்படிச் செய்தான்.

கருக்குவேல்பட்டியில் தவசிக்கண்ணுவும் அவர் தம்பிமார் சங்கிலியும் மூக்காண்டியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தவசிக்கண்ணு படுக்கிற அறை ரொம்பக் குறுகல். கட்டிலை விட்டு எழுந்தால் முழங்கால் பீரோவில் இடிக்கும். அவர் பீரோவைத் திட்டுவார். பீரோ பதில் பேசாது. அவர் மனைவி பொன்னுருவிதான் பேசுவாள்.

“சுவரோடு சேர்த்து அலமாரி அடிச்சா இந்தப் பாடு இருக்காதுல்ல? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் அடிக்காங்க” என்றாள் அவள்.

அண்ணன் தம்பி மூவரும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள்.

“பீரோன்னா நாம போற இடத்துக்குக் கூடவே வரும். சுவரோடு அடிச்சது வருமா? நாளைக்கு வீடு மாறினா என்ன செய்ய?” என்று கேட்டான் சங்கிலி.

“சுவரையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான்” என்றான் மூக்காண்டி.

“சுவரைத் தூக்கினா கூரை விழுமே லே?”

“கூரை அடுத்தாப்ல குடி வாறவனுக்கு. சுவர் நமக்கு. அதுல என்ன தகராறு?”

தவசிக்கண்ணுவுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் தூக்குகிற கூலியை நினைத்துத் தயங்கினார். ஆளனுப்பித் தெய்வநாயகம் ஆசாரியை வரவழைத்தார்கள். ஆசாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சாக்பீஸை எடுத்துத் தரையிலும் சுவரிலும் கோடு போட்டார். கதவு இரண்டையும் திறந்தால் எதுவரை வரும் என்று தரையில் வளைவாகவும் கீறிக் காட்டினார்.

“அண்ணாச்சி, ஒருதடவை அடிச்சிட்டா பெயர்க்க முடியாது. அலமாரி இங்கேயே இருக்குன்னு நெனச்சு ஒரு வாரம் புழங்கிப் பாருங்க. தோதுப்பட்டா சொல்லி விடுங்க, அடிச்சுருவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்ன சொல் தட்டாத குடும்பம் அது. அன்றைக்கே பீரோவை மாட்டுக்கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். துணிமணி எல்லாவற்றையும் கோட்டுக்குள்ளே அடுக்கினார்கள். மூவருடைய பட்டுக்கரை வேட்டிகளும் உள்ளே போயின. தங்கச்சி வடிவு மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையும் போயிற்று. மூத்த தாய்மாமன் அந்தச் சேலையைப் பெண் கையில் கொடுத்து, பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போக வேண்டும். அந்த ஒரு மரியாதைக்காகத் தவசிக்கண்ணு வடிவு மகள் பிறந்த நாளிலிருந்து காத்திருந்தார்.

புது அலமாரியில் சின்னச் சின்னக் குறைகள் தெரியத்தான் செய்தன. சங்கிலி ஸ்டூல்மேல் ஏறி மேல்தட்டில் தலையணையை வைத்தான். அது அவன் தலையிலேயே விழுந்தது.

“மேல்தட்டு தாங்கல. ஆசாரி நல்ல பலகை போடல” என்றான்.

மூக்காண்டி ஒருநாள் ஏதோ ஞாபகத்தில் கோட்டின் குறுக்கே நடந்துவிட்டான்.

“கதவு சாத்திக் கிடக்கு. பார்த்து வரக்கூடாதா லே?” என்று அதட்டினார் தவசிக்கண்ணு.

“கவனிக்கலண்ணே” என்று சொல்லி, சாயங்காலம்வரை நெற்றிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தான்.

அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டில்வரை வந்தது. அதனால் யாராவது துணி எடுக்கும்போதெல்லாம் தவசிக்கண்ணு கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் முன்னைவிட அதிகமாக வலித்தது. இருந்தாலும் அலமாரி அழகாக இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வடிவு வீட்டு வேலைக்கு ஒத்தாசையாகப் பொன்னுருவியைக் கூட்டிப் போக அவள் தம்பி பூவலிங்கம் வந்தான். அலமாரியை அப்படியும் இப்படியும் நின்று பார்த்தான்.

“அருமையா இருக்கு அத்தான். இம்புட்டு உசந்த சேலையை வச்சிருக்கீகளே, பூட்டு இல்லையே?”

“ஆசாரி போடாமப் போயிட்டாரு, மாப்பிள்ளை.”

பூவலிங்கம் சாக்பீஸை எடுத்தான். கதவு இருக்கிற கோட்டில் ஒரு பூட்டு வரைந்தான். விரலை வைத்துத் திருகி, நாக்கால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுத்தான். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். அந்த நேரம் பார்த்து வாசலில் பஸ் ஹார்ன் அடித்தது. அக்காளும் தம்பியும் ஓடிப்போய் ஏறிவிட்டார்கள். வேண்டுமென்றே செய்தான் என்றுதான் தவசிக்கண்ணு இன்றைக்கும் சொல்கிறார்.

கல்யாண நாள் விடிந்தது. மூவரும் குளித்து, விபூதி பூசி, இரண்டு நாளாகக் கட்டியிருந்த கைலியோடு அலமாரி முன்னால் வந்து நின்றார்கள்.

“சாவி?” என்றார் தவசிக்கண்ணு.

யாரிடமும் இல்லை. அப்போதுதான் அவருக்கு அந்த ‘டக்’ சத்தம் நினைவுக்கு வந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சேலை கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்தது. நடுவில் கதவு இருந்தது.

“பூட்டை உடைப்போமாண்ணே?” என்றான் மூக்காண்டி.

“நம்ம வீட்டுப் பூட்டை நாமே உடைச்சா ஊர் என்ன பேசும்? அதுவும் புத்தம்புதுப் பூட்டு!”

சந்தையடியில் பூட்டு ரிப்பேர் செய்கிறவரைச் சங்கிலி சைக்கிளில் வைத்து அழைத்து வந்தான். அவர் கோட்டைப் பார்த்தார். மூவர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார்.

“இந்த மாடல் பூட்டு நான் இதுவரை தொட்டதில்லை” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, சைக்கிளுக்குக்கூடக் காத்திருக்காமல் வேகமாக நடந்தார்.

“பார்த்தியா, சந்தைக்கே வராத பூட்டு. எங்கிருந்து பிடிச்சானோ பாவி!” என்று பல்லைக் கடித்தார் தவசிக்கண்ணு. முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அந்தப் பிள்ளை மாமன் எங்கேன்னு வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்குமே லே!”

அண்ணன் அழுது தம்பிகள் பார்த்ததில்லை. மூக்காண்டி தலையைச் சொறிந்து சொறிந்து யோசித்தான். கடைசியில் ஒன்று தோன்றியது.

“அண்ணே, இது சுவரோடு சேர்ந்த அலமாரிதானே?”

“அதுக்கு?”

“அப்ப அலமாரிக்கு முதுகு நம்ம சுவர்தானே? பூட்டு முன்பக்கம்தானே இருக்கு?”

தவசிக்கண்ணு எழுந்து தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

மூவரும் தெருவைச் சுற்றிப் பின்சந்துக்கு ஓடினார்கள். கடப்பாரையை மாற்றி மாற்றிப் போட்டார்கள். அந்தக் காலத்துச் சுவர் லேசில் விடவில்லை. அது ஒருவழியாகப் பொத்துக்கொண்டபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தவசிக்கண்ணு ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவி, வேட்டிகளையும் சேலையையும் செங்கல் தூளோடு வெளியே இழுத்தார்.

“பூட்டுக்கு ஒரு கீறல் இல்லை!” என்று சங்கிலி சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டி முடிந்திருந்தது. மாமன் யாரும் வராததால், மாமனுக்கு மச்சானாவது நிற்கட்டும் என்று வடிவு பூவலிங்கத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். பெண்ணை மணவறைக்கு அழைத்து வந்தவன் அவன்தான். மாமன் தலைக்குக் கட்டுகிற சரிகைத் துண்டு இன்னும் அவன் தலையில் இருந்தது. அந்தத் தலையோடு அவன் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான்.

“ஏன் அத்தான் பிந்திட்டீக?” என்று வேறு கேட்டான்.

தவசிக்கண்ணு அவனைத் தாண்டிப் போனார். தூசி படிந்த சேலையை உதறி வடிவு மகள் கையில் கொடுத்தார். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் தும்மினார்கள். தவசிக்கண்ணு சாப்பிடாமலே திரும்பிவிட்டார்.

வாரக் கடைசியில் ஆசாரி வந்தார். வெளிச்சம் வருகிற ஓட்டையைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“என்ன முடிவு செஞ்சீக அண்ணாச்சி? அடிச்சுருவோமா?”

“இருக்கிற அலமாரியையே திறக்க முடியல. இன்னொண்ணு எதுக்கு?” என்றார் தவசிக்கண்ணு. மேல்தட்டு சரியில்லை என்பதையும் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அன்றுமுதல் அவருக்குச் சட்டை வேண்டுமென்றால் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போய், ஓட்டைக்குள் கையை விட்டு எடுத்துக்கொள்கிறார். மழை நாளில் நனைந்துகொண்டேதான் போக வேண்டியிருக்கிறது. குடையும் அலமாரிக்குள்தான் இருக்கிறது.

பொங்கலுக்கு அக்காளைப் பார்க்க வந்த பூவலிங்கம், வாசலில் நின்றபடியே தலையைக் குனிந்தான்.

“தப்பு என்மேலதான் அத்தான். சாவி சட்டைப் பையிலேயே இருந்திருக்கு. இந்தாங்க” என்று விரலைக் குவித்து நீட்டினான்.

தவசிக்கண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பியும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்றார்.

“வெறுங்கையைக் காட்டி ஏமாத்தப் பாக்கியா? என்னை என்ன முட்டாப்பயன்னு நெனச்சியா லே? சாவியைக் கொண்டா!”

சாவி இன்னும் வரவில்லை.