கட்டைவிரல் உப்பு

"மேடம், இன்னிக்கும் அழுக்கு."

தெய்வநாயகம் வாசலில் நின்றபடியே சொன்னார். காலை வணக்கம் சொல்லும் வழக்கத்தை அவர் விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

கோமதி கணினியிலிருந்து நிமிர்ந்தார்.

"எந்தக் கோடு சார்?"

"அதே சனியன்தான். குளோரின்."

"அகலம் எவ்வளவு?"

"அகலமா? அழுக்குன்னு சொல்றேன், அகலம் கேக்கறீங்களே!"

கோமதி மறுபடி கணினியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் இதில் யார் குரு, யார் சீடர் என்று சொல்லிவிடுகிறேன். வயதைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். தெய்வநாயகத்துக்கு ஐம்பத்து மூன்று வயது, கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். கோமதிக்கு முப்பத்தாறு. தெய்வநாயகத்தின் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். இப்போது தெய்வநாயகத்தின் பிஎச்.டி.க்குக் கோமதிதான் வழிகாட்டி.

அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார். முதலில் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஞானக் கதைகளில் வரும் குருமார்கள் எதையும் நேராகச் சொல்லித் தொலைப்பதில்லை. கோமதியும் அந்த ஜாதிதான். என்ன செய்வது.

கோமதியின் ஆய்வுக்கூடத்தின் நடுவே வளையல் வடிவத்தில் ஓர் எஃகுப் பாத்திரம் இருந்தது.

உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஹைட்ரஜன் விட்டு, மின்சாரம் பாய்ச்சுவார்கள். கண் இமைக்கும் நேரத்துக்கு அந்த வாயு சூரியனின் வயிற்றைப் போலக் கொதிக்கும். அணுக்கள் எலக்ட்ரான்களை உதறிவிட்டு அயனிகளாகத் தறிகெட்டு ஓடும். அதுதான் பிளாஸ்மா. ஒரு தடவை கொதிக்கவைப்பதை அங்கே ஒரு ஷாட் என்பார்கள்.

அந்த அயனிகள் எவ்வளவு சூடாக இருக்கின்றன?

தெய்வநாயகத்தின் ஆய்வேட்டில் இந்த ஓர் எண்தான் பாக்கி. தெர்மாமீட்டரை உள்ளே விட்டால் ஆவியாகிவிடும். அதனால் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வைத்து, அதற்கு வெளியே ஒரு படிகத்தை நிறுத்தியிருந்தார்கள். உள்ளிருந்து வரும் எக்ஸ் கதிர்களை அது பிரித்துத் திரையில் நிறமாலையாகக் காட்டும். ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய இடத்தில் கோடு போடும்.

இந்த மாதத்தோடு அவருடைய பிஎச்.டி. பதிவு காலாவதி. ஏற்கெனவே நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மெஷினையும் பழுதுபார்ப்புக்காக நிறுத்துகிறார்கள். திரும்ப ஓட ஒரு வருஷம் ஆகும்.

"நம்ம சார் டாக்டர் ஆவாரா, ரிட்டயர் ஆவாரா?" என்று அவர் கல்லூரியில் காது படவே பேசிக்கொண்டார்கள். அவருக்கு அந்தப் பட்டம் வேண்டும். வெட்கத்தை விட்டு ஆசைப்பட்டார்.

ஆனால் மனிதருக்கு அழுக்கு ஆகாது.

இயற்பியல் படித்தவர்களுக்குத் தெரியும். ஸ்பெக்ட்ரோமீட்டர் பிராக்டிகலில் ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங் என்ற சின்னக் கண்ணாடித் துண்டை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். கண்ணாடியின் பரப்பில் விரல் பட்டால் பாவம். அந்தப் பாவத்துக்கு தெய்வநாயகத்தின் லேபில் மன்னிப்பே கிடையாது.

"எனக்கு நீங்க ரெண்டு மார்க் குறைச்சீங்க சார்," என்று கோமதி ஒருமுறை சொன்னார்.

"தொட்டிருப்பீங்க."

"தொட்டேன்."

"அப்ப சரிதான்," என்றார் தெய்வநாயகம். வழிகாட்டியாச்சே என்றுகூடப் பார்க்கவில்லை.

குளோரின் எங்கிருந்து வருகிறது என்று அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கடைசியில் டெக்னீஷியன் அருள்தாஸிடம் வந்து நின்றார்.

"நீங்க என்ன சாப்பிடறீங்க?"

"கடலை சார்."

"உப்புக் கடலையா?"

"ஆமா சார்."

"உப்புன்னா என்ன? சோடியம் குளோரைடு! அந்தக் கையோட மெஷினைத் தொட்டா குளோரின் வராம குங்குமப்பூவா வரும்?"

"கிளவுஸ் போட்டுத்தான் சார் தொடறேன்."

"தொடாதீங்கய்யா! எதையுமே தொடாதீங்க!"

மறுநாளிலிருந்து ஆய்வுக்கூடத்தில் கடலை, முறுக்கு, மிக்சர் எல்லாவற்றுக்கும் தடை. அருள்தாஸ் உப்புப் போடாத பொரியைக் கொண்டுவந்து வாசலில் நின்று தின்றார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று முனகியது உள்ளே வரை கேட்டது.

பாத்திரத்தைத் திறந்தார்கள். தெய்வநாயகமே உள்ளே தலையை விட்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒவ்வோர் இடுக்காகத் துடைத்தார். மூடி, வெளியே வெப்பப் பட்டைகள் சுற்றி, நாள் கணக்கில் சூடேற்றினார்கள். வேறு வாயு விடுவதற்கென்று இருந்த இரண்டாவது குழாய் மேல் அவருக்குச் சந்தேகம். அதையும் வெட்டி அடைக்கச் சொன்னார்.

கோடு குட்டையாயிற்று. ஆனால் போகவில்லை.

"மேடம், பாதிக்குப் பாதி குறைச்சாச்சு."

"அகலம் எவ்வளவு சார்?"

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். கையெழுத்துப் போட வேண்டியவர் கோமதி.

"ஆய்வேட்டுல போன அத்தியாயத்துல எலக்ட்ரானோட சூட்டை எடுத்தேனே, எப்படி? கோடு எதுவும் குறுக்கே வராத இடமாப் பாத்து, அங்கே நிறமாலை இறங்கற சரிவை வச்சு எடுத்தேன். அழகா வந்துச்சு. அயனிக்கும் அப்படித்தான் எடுக்கணும். நடுவுல இந்தக் குளோரின் வந்து நிக்குது."

"எலக்ட்ரான் சரிவுல பேசும்," என்றார் கோமதி.

"அயனி?"

கோமதி டீ குடிக்கப் போய்விட்டார்.

இதற்கு என்ன அர்த்தம்? ஒரு பெரிய மனிதர் கேட்கிறார், நின்று பதில் சொன்னால் என்ன குறைந்துபோகும்? எனக்கே கோபம் வருகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோடு ஒழிந்தது.

ஷாட் முடிந்ததும் தெய்வநாயகம் திரையைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வழவழவென்ற சரிவு. குளோரின் இல்லை, இரும்பு இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேடம்! வாங்க, வந்து பாருங்க! சுத்தம்!"

கோமதி வந்து பார்த்தார்.

"சுத்தம்தான்," என்றார். "அயனியோட சூடு எவ்வளவு சார்?"

"இதோ, இப்ப கணக்குப் போட்டுடறேன்."

போட்டார். எலக்ட்ரானின் சூடு வந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் எலக்ட்ரானின் சூடே வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டார். அதே.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை.

"அகலம் எவ்வளவு சார்?" என்றார் கோமதி.

ஒரு மாதமாக அடக்கி வைத்தது அத்தனையும் அப்போது உடைந்தது.

"கோடே இல்லைங்கறேன், எதோட அகலம்? உள்ள இருக்கறது ஹைட்ரஜன் மேடம், ஹைட்ரஜன்! அதுக்கு இருக்கறதே ஒரு எலக்ட்ரான். இந்தச் சூட்டுல அதுவும் போயிடும். வெறும் கரு! வெறும் கரு எப்படிக் கோடு போடும்?"

குரல் ஏறியது. வகுப்புக் குரல். கோமதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எலக்ட்ரான் மேல் படியிலேர்ந்து கீழ் படிக்கு விழுந்தாத்தான் கோடு. இல்லாத எலக்ட்ரான் எங்கேர்ந்து விழும்? அதுவே குளோரினை எடுத்துக்குங்க, பதினேழு எலக்ட்ரான். எவ்வளவு சூடு பண்ணினாலும் உள்ளே ரெண்டு இறுக்கிப் பிடிச்சிட்டு இருக்கும். அந்த ரெண்டுதான் கோடு போடும். ஹைட்ரஜனோட இடிபட்டு இடிபட்டுக் குளோரினும் அதே சூட்டுக்கு வந்திருக்கும். சூடு ஏறினா அயனி வேகமா ஓடும், வேகமா ஓடினா கோடு அகலமாகும். அந்த அகலத்தை அளந்தா அயனியோட சூ..."

வாய் திறந்தபடியே நின்றது.

ஏசி இரைந்துகொண்டிருந்தது. அருள்தாஸ் பொரிப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

தெய்வநாயகம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இதை நான் வருஷா வருஷம் பாடம் எடுக்கறேன்," என்றார்.

"நல்லா எடுப்பீங்க சார்."

"முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?"

"தினம் கேட்டேனே சார்."

தெய்வநாயகம் சட்டென்று நிமிர்ந்தார்.

"பழைய ஷாட்டுகள்! அதுல குளோரின் இருந்துச்சே!"

"எடுங்க."

அவர் கை விசைப்பலகை வரை போய் நின்றுவிட்டது.

"வெட்டிட்டேன்."

"என்ன?"

"சேமிக்கும்போதே கோடுகளை வெட்டிடற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி வச்சேன். அழுக்குதானேன்னு."

"எல்லா ஷாட்டுமா?"

"எல்லாமே."

"வேற வாயு ஏதாவது விடலாமா? ஆர்கான்?"

"குழாயை அடைச்சாச்சு," என்றார் தெய்வநாயகம். யார் அடைக்கச் சொன்னது என்று கோமதி கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்லவர்.

மணி இரண்டே முக்கால். தெய்வநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார். காலேஜ் ஸ்டாஃப் ரூமில் திங்கட்கிழமை எந்த நாற்காலியில் உட்கார்வது என்று யோசித்தார். வாசலைப் பார்க்காத நாற்காலி ஒன்று உண்டு.

கோமதி எழுந்தார். "அருள்தாஸ், அந்தக் குச்சியை வெளிய இழுங்க."

பாத்திரத்தின் அடியில் ஒரு நீளக் குச்சி உண்டு. அதன் முனையில் ஒரு கரித்துண்டு. நடுவே இரட்டைக் கதவு வைத்த சின்ன அறை இருப்பதால், பாத்திரத்தைத் திறக்காமலே குச்சியைப் பிளாஸ்மாவின் ஓரம் வரை நீட்டலாம், வெளியேயும் எடுக்கலாம். அருள்தாஸ் இழுத்தார். கரித்துண்டு பளிச்சென்று இருந்தது. துடைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"சார், கிளவுஸைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

கோமதி கரித்துண்டைக் காட்டினார்.

தெய்வநாயகத்துக்குப் புரிந்தது. புரிந்ததும் உடம்பு கூசியது.

"நானா?"

"உங்க ஆய்வேடு சார்."

"அருள்தாஸ் வைக்கட்டுமே. கடலை தின்ன கை."

"நீங்கதான் சார் நிறுத்தச் சொன்னீங்க," என்றார் அருள்தாஸ். "ஒரு மாசமா வெறும் பொரி."

தெய்வநாயகம் கையுறையைக் கழற்றினார். நாள் பூராவும் உள்ளே வெந்து, கட்டைவிரல் உப்பு வியர்வையில் ஊறிப்போயிருந்தது. பழக்க தோஷம், கை தானாகப் பேண்ட்டுக்குப் போயிற்று.

"துடைக்காதீங்க சார்!"

கோமதி கத்தி யாரும் கேட்டதில்லை. தெய்வநாயகத்தின் கை பாதியில் நின்றது.

பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைக் கரித்துண்டின் மேல் வைத்து அழுத்தினார். வைத்தவர் எடுக்க மறந்துவிட்டார்.

"போதும் சார்," என்றார் கோமதி. "ரெண்டு மார்க் எல்லாம் குறைக்க மாட்டேன்."

குச்சியை உள்ளே செலுத்தினார்கள். சின்ன அறையின் காற்றை உறிஞ்சி முடிக்கவே மூன்றரை ஆகிவிட்டது. தெய்வநாயகம் தன் கையாலேயே அந்த வெட்டும் புரோகிராமை நிறுத்தினார். நிறுத்தியாயிற்றா என்று மூன்று தரம் பார்த்தார்.

ஷாட்.

திரையில் அந்த வழவழப்பான சரிவின் நடுவில் ஒரு கோடு முளைத்தது. அவர் ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்த அதே இடத்தில், அதே குளோரின்.



"அகலம் எவ்வளவு சார்?"

அவர் அளந்தார். அவசரத்தில் முதல் தடவை தப்பாயிற்று. மறுபடி அளந்து, கணக்குப் போட்டு, அந்த எண்ணைச் சொன்னார்.  

"ஒரு ஷாட்டை யாரும் நம்ப மாட்டாங்க," என்றார் கோமதி. "நாலு மணிக்குள்ள இன்னும் ரெண்டு எடுக்கணும்."

"எடுத்துடலாம் மேடம், எடுத்துடலாம்!"

தெய்வநாயகம் அடுத்த ஷாட்டுக்கான விசைகளைச் சரிபார்க்கத் திரும்பினார்.

ஷாட்டுக்கு ஷாட் குச்சியை இழுத்துத் துடைக்க வேண்டும் என்பது தெய்வநாயகமே போட்ட சட்டம். அருள்தாஸ் சட்டத்தை மீறாதவர். கையுறை போட்டுக்கொண்டார், துணியில் ஸ்பிரிட் நனைத்தார், குச்சியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"தொடாதீங்கய்யா!"